ஊதா வெளியேறியது

18 ஆகஸ்ட், 16:10. நபர்: 187

பராமரிப்புப் பதிவு. எழுதுபவர்: உலகம்மாள், ஆய்வு மாணவி.

குழாய் 1107 எரியவில்லை. 2240 மங்கல். மற்ற 3598 குழாய்களும் சரி.

இரண்டாம் ஆண்டு மாணவர்கள் மூன்று பேர், வராத நண்பர்களின் நடையில் நடந்து வருகை போட முயன்றார்கள். போலி நடையைக் கண்டறியும் வடிகட்டி பிடித்தது. ஒருவன் நன்றாகவே நடந்தான். மூச்சில் மாட்டிக்கொண்டான்.

பதிவாளர் மதியம் முழுக்கக் கூடத்தில் தூங்கினார். பதிவாளர் என்பது நாய். கடுகு நிற ஒளி. எண்ணிக்கையில் சேராது.

நாளை காலை பாசிக்காற்று என்று அறிவிப்பு.

18 ஆகஸ்ட், 18:00. நபர்: 9

என் தோழி ஜெனோவா நான்கு நாளாக விடுதித் தாழ்வாரத்தில் என்னைப் போல் நடந்து பழகுகிறாள். என் இடது கணுக்காலில் தகடு இருக்கிறது. மூன்றாவது அடி சற்றுத் தாமதமாக விழும். மூன்று அடிக்கு ஒரு மூச்சு. "ஒன்ன மாதிரி நடந்து நடந்து எனக்கு இடுப்பு போச்சுட்டி" என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். கூடவே ஒரு சிரிப்புப் படம்.

நாளைக்குத் தயார்.

19 ஆகஸ்ட், 07:20. நபர்: 212

சங்கு ஊதிவிட்டது. இந்த ஆண்டில் நான்காவது முறை. கடலில் பாசி செத்து அழுகினால் காற்று நச்சாகும். முதலில் அழுகிய முட்டை நெடி வரும். நெடி தெரியாமல் போனால்தான் ஆபத்து. மூக்கு செத்துவிட்டது என்று பொருள். கனமான காற்று. தாழ்வில் தங்கும், தேரி மணல்மேட்டில் ஏறாது. அதனால் முகாம் தேரியில்.

யாரும் ஓடவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டுப் பேருந்துக்குப் போகிறார்கள்.

இதை யாராவது பிறகு படிக்கலாம். ஆகவே ஒருமுறை விளக்கமாக எழுதிவைக்கிறேன்.

கடலியல் கட்டடத்தின் நடுக்கூடம் ஐந்து மாடி உயரம். கூரையிலிருந்து 3600 கண்ணாடிக் குழாய்கள் தொங்குகின்றன. இதன் பெயர் தூறல். எல்லோரும் பார்ப்பதற்கான கலைப்பொருளாகத்தான் இதை ஒரு சிற்பி செய்தார். கீழே நடப்பவரின் அடியையும் மூச்சையும் வாங்கி, அவருக்கென ஒரு நிறம் எடுத்து, தலைக்கு மேலே கூடவே நடத்தி வரும். பத்து நாள் வந்தால் நிறம் நிரந்தரம். ஜெனோவா கிளிப்பச்சை. நான் ஊதா, மூன்றாவது சொட்டு தாமதமாக விழும் ஊதா.

நிர்வாகம் இதைப் பார்த்தது. ஆளை அடையாளம் தெரிகிறதே, வருகைப் பதிவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றது. பிறகு பாதுகாப்புக்கும் வைத்துக்கொண்டது. இப்போது கட்டடத்தில் எத்தனை பேர் என்பதை முகாமுக்குச் சொல்வது இதுதான். எண் பூச்சியமானால் கட்டடம் தன்னை மூடிக்கொள்ளும். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே நைட்ரஜன் நிரப்பும். பாசிக்காற்று தீப்பிடிக்கக்கூடியது, காலிக் கட்டடத்தில் ஆக்சிஜன் வேண்டாம்.

நான் ஏன் போகவில்லை. என் ஆய்வு தூறலைப் பற்றியது. வாய்மொழித் தேர்வுக்கு ஒன்பது நாள். புறத்தேர்வாளர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ஆள் இல்லாதபோது அது என்ன செய்கிறது? யாருக்கும் தெரியாது. மூடிய பிறகு காமிராக்களுக்கு மின்சாரம் இல்லை. பார்க்க வேண்டுமானால் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். இருந்தால் அது காலி இல்லை.

ஆகவே நான் கணக்கில் இல்லாமல் இருக்க வேண்டும்.

08:05. நபர்: 1

வாயில் தளம் பதினொரு காலடி நீளம். வெளிக்கதவுக்கு முன்னால், கூரைக்குக் கீழே. பதினோராவது அடியில் கணக்கு விழும், கதவைத் தொட வேண்டியதில்லை. அங்கேயே வருகையைப் போட்டுவிட்டு அப்படியே திரும்பி டீக்கடைக்குப் போகும் மாணவர்கள் உண்டு. தளத்தின் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு உணரி கிடையாது. எல்லோருக்கும் தெரியும். நான் சரிசெய்யவில்லை.

ஜெனோவா பச்சையாக ஒருமுறை வெளியேறினாள். ஓரமாக உள்ளே வந்தாள். என் அடையாள அட்டையையும் கைபேசியையும் வாங்கிக்கொண்டாள். வாயில் அவற்றையும் கேட்கும். இரண்டாம் முறை ஊதாவாகப் போகிறாள். கண்ணாடி வழியே பார்க்கிறேன். என் முதுகை நான் பார்த்ததில்லை. இப்படித்தான் போகிறேன் போலிருக்கிறது.

08:10. நபர்: 0

கட்டடம் மூடிக்கொண்டது. கதவுகளின் விளிம்பில் ரப்பர் பட்டை உப்பும் ஓசை. குளிர்சாதனம் நின்றது. இவ்வளவு அமைதியாக இந்தக் கூடம் இருக்கும் என்று தெரியாது.

திட்டம்: இரண்டு மணி நேரம் பார்ப்பது. பத்து மணிக்கு நடுக்கூடத்தில் நடப்பது. தூறல் என்னைப் பார்க்கும், எண் 1 ஆகும், நைட்ரஜன் வராது. திட்டு விழும். பரவாயில்லை.

08:42. நபர்: 0

தொடங்கிவிட்டது.

முதலில் ஒரு மஞ்சள். வாயில் பக்கமிருந்து நூலகம் நோக்கி. கீழே யாரும் இல்லை. பிறகு இரண்டு சிவப்பு, அருகருகே, காதலர்களாக இருக்கலாம். பிறகு நெரிசல். காலை ஒன்பது மணி வகுப்புக்கு ஓடும் நிறங்கள்.

குழாய்களைச் சோதிக்க, சேமித்த நடைகளை ஓட்டிப் பார்க்கிறது. விளக்கம் இவ்வளவுதான். நினைவு ஓட்டம் என்று பெயர் வைக்கிறேன்.

08:51-க்கு ஊதா. மூன்றாவது சொட்டு தாமதம். மேலே என்னைக் கடந்து மாடிப்படிப் பக்கம் போனது. நான் இங்கே காவலாளி மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அழுதேன். மகிழ்ச்சி என்றுதான் நினைக்கிறேன்.

09:04. நபர்: 0

காவலாளி செல்லையா அண்ணனின் வாக்கி டாக்கி மேசையில் கிடக்கிறது. பேசும் பொத்தான் உடைந்து ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறது. கேட்க முடியும், பேச முடியாது. முகாமில் பேர் கூப்பிடுவதை எல்லாப் பிரிவும் கேட்கும்படி இதில்தான் நடத்துகிறார்கள். கூப்பிடுகிறவர் முகாம் அலுவலர் தங்கதுரை.

"ஜெனோவா?"

"உள்ளேன் ஐயா."

"உலகம்மாள்?"

"உள்ளேன் ஐயா." மூக்கடைத்த குரலில்.

"என்னம்மா, சளியா?"

"ஆமா சார். ரெண்டு நாளா."

"சுக்கு போட்டுக் குடி."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. நானும் சிரித்தேன். உடனே கூடம் அதைத் திருப்பிச் சொன்னது.

10:00. நபர்: 0

நடந்தேன். வாயிலிலிருந்து மாடிப்படி வரை. திரும்பவும்.

தலைக்கு மேலே ஒன்றும் இல்லை.

10:06. நபர்: 0

ஆறு முறை. மெதுவாக, வேகமாக, மூச்சை எண்ணி. தூறல் இருட்டாகவே நிற்கிறது. நான் நின்றதும் நினைவு ஓட்டம் தொடர்கிறது. நடந்தால் நிறுத்தி, காத்திருந்து, பிறகு மறுபடி.

அது என்னை உணர்கிறது. எண்ண மறுக்கிறது.

10:13. நபர்: 0. ஆக்சிஜன்: 20.9

துவாரங்கள் சீறத் தொடங்கின. நைட்ரஜன்.

காரணம் கண்டுபிடித்தேன். வடிகட்டி. அதில் இரண்டு மாதத்துக்கு முன் நான் சேர்த்த விதி. "வாயிலில் தொடங்காத எந்த நடையும் போலி. எண்ணாதே." தேர்வு வாரத்துக்கு மட்டும் என்று தெளிவாகக் குறித்துக் கொடுத்தேன். கணினிப் பிரிவு அதை நிரந்தரமாக்கியிருக்கிறது. நன்றாக வேலை செய்தது என்பதால்.

நான் வெளியேறியவள். வாயிலில் தொடங்காமல் உள்ளே நடப்பவள். என் விதிப்படி நான் போலி.

வாயில் தளம் கண்ணாடிக்கு வெளியே இருக்கிறது.

10:40. நபர்: 0. ஆக்சிஜன்: 19.6

காவலாளி மேசையின் இந்த முனையத்திலிருந்து முகாமுக்குப் போகும் ஒரே செய்தி எண்ணிக்கை. வடிகட்டியை அணைக்க என் கடவுச்சொல் போதும். கூடவே ஓடிபி வேண்டும். ஓடிபி என் கைபேசிக்கு வரும். கைபேசி ஜெனோவாவின் பையில்.

யோசித்தேன். ஓடிபி எண்ணை நான் பார்க்க முடியாது. ஆனால் அவள் பார்ப்பாள். தேரியில் கைபேசி சிக்னல் உண்டு. ஓடிபி கேட்டேன். மறுபடி கேட்டேன். ஒன்றுக்கு அர்த்தம் இல்லாமல் போகலாம். ஐந்துக்கு இருக்கும். ஐந்தும் அனுப்பினேன்.

ஐந்துக்கு மேல் இருபத்துநான்கு மணி நேரம் பூட்டிவிடும். பூட்டிவிட்டது.

11:18. நபர்: 0. ஆக்சிஜன்: 18.0

பார்த்துவிட்டாள். முகாம் அலுவலரின் வாக்கி டாக்கி திறந்து கிடக்கிறது, எல்லாம் இங்கே கேட்கிறது. கூட இருப்பது எண்பலகை பார்க்கும் லூர்து அக்கா.

"சார், அவ உள்ள இருக்கா சார். அவ போனுக்கு ஓடிபி வருது. அஞ்சு வந்துட்டு."

"யாரு உள்ள?"

"உலகு. உலகம்மாள்."

"காலையில பேர் கூப்பிட்டேனே. உள்ளேன்னு சொல்லிச்சே. சளி புடிச்ச பிள்ள."

"அது நாந்தான் சார்."

"அது நீயா?"

"ஆமா சார்."

"வாயில்ல ஊதா வெளிய போனதா காட்டுது."

"அதுவும் நாந்தான் சார்."

"அப்ப நீ யாரு? நீ வெளிய வந்தியா இல்லையா?"

"சார், கெஞ்சிக் கேக்கேன். ஒரு வண்டி அனுப்புங்க."

"எண்ணு என்ன சொல்லுது லூர்து?"

"பூச்சியம் சார். ஆனா இந்தப் பிள்ள பொய் சொல்ற மாதிரி இல்ல."

"பூச்சியத்துக்கு வண்டி அனுப்பி ரெண்டு டிரைவர் மயங்கி விழுந்தா யார் பதில் சொல்றது? போன தடவ இதே மாதிரி ஒருத்தி பூனை உள்ள இருக்குன்னா. இவளுவளுக்கு விளையாட்டாப் போச்சு. போம்மா, போய் உக்காரு."

பிறகு வெறும் இரைச்சல்.

அவர் மீது கோபம் வரவில்லை. ஒரே வாய் இரண்டு பெயருக்குப் பதில் சொன்னது. எதை நம்புவார்.

11:45. நபர்: 0. ஆக்சிஜன்: 16.7

தீ எச்சரிக்கைப் பொத்தான்களை மாடி மாடியாக அழுத்தினேன். மூடிய பிறகு அவற்றுக்கும் மின்சாரம் இல்லை. முகமூடிகளைத் தேடினேன். எல்லாம் முகாமுக்குப் போய்விட்டன. காலிக் கட்டடத்தில் முகமூடி எதற்கு.

படி ஏறுவது கடினமாகிவிட்டது. இனி ஏறமாட்டேன்.

12:02. நபர்: 0. ஆக்சிஜன்: 15.4

பயன் இல்லை என்று தெரியும். ஆனாலும் நடந்தேன். என் வழிகாட்டியைப் போல் நடந்தேன், கைகளைப் பின்னால் கட்டி. ஜெனோவாவைப் போல் நடந்தேன், குதிகாலைத் தூக்கி. செல்லையா அண்ணனைப் போல். நேற்றுப் பிடிபட்ட பையனைப் போல்.

இருட்டு.

கால் இடறி விழுந்தேன். எழ முடியாமல் கைகளும் முழங்காலுமாக மேசைக்குத் திரும்பினேன். அப்போது தலைக்கு மேலே வெளிச்சம். கடுகு நிறம். கூடவே வந்தது, மேசை வரைக்கும், மிக மென்மையாக.

நாய்களை வடிகட்டியிலிருந்து விலக்கியிருந்தேன். அவை ஓரமாக நுழையும் என்பதால்.

நபர்: 0. நாய்: 1.

இன்று அது என்னைப் பார்த்தது அப்போது மட்டும்தான்.

12:20. நபர்: 0. ஆக்சிஜன்: 14.1

கண்ணாடி எண் ஏழு, கதவுக்கு வலப்பக்கம். தீயணைப்பானால் உடைக்கலாம். உடைத்தால் பாசிக்காற்று உள்ளே வரும். வெளியே இருப்பது கொல்லும் காற்று. உள்ளே இருப்பது ஒன்றும் இல்லாத காற்று. இரண்டாவதில் வலி இல்லை என்கிறார்கள்.

வெளியே வெயில் நன்றாக இருக்கிறது. வேப்பமரத்தடியில் காக்கைகள் கிடக்கின்றன. நாயைக் காணவில்லை. பேருந்தில் ஏற்றியிருப்பார்கள். ஏற்றியிருக்க வேண்டும்.

12:37. ஆக்சிஜன்: 12.9

நகம் நீலம். எழுத்துகள் இரண்டிரண்டாக.

நினைவு ஓட்டம் நிற்கவில்லை. ஊதா மூன்று முறை போய்விட்டது. நான் இங்கிருந்து கையசைத்தேன். அது என்னை நினைவில் வைத்திருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை.

புறத்தேர்வாளருக்கு: ஆள் இல்லாதபோது அது ஆட்களை நினைக்கிறது. இவ்வளவுதான். ஒரு பக்கம்கூட வராது. இதற்காக.

அம்மாவுக்குச் சொல்ல வே

12:45. 12.4

தூங்கிவிட்டேன். தூங்கக் கூடாது.

ஒன்று இரண்டு மூன்று மூச்சு. ஒன்று இரண்டு மூன்று

12:54. நபர்: 0. ஆக்சிஜன்: 12.0

வாயில் அழைப்புப் பெட்டியில் குரல். பெட்டி தனி மின்கலத்தில் ஓடுகிறது. இதை மறந்தே போயிருந்தேன். வெளியே ஒருவர் நின்றால்தானே அதற்கு வேலை.

"ஏட்டி. உலகு. கேக்குதா?"

ஜெனோவா. கண்ணாடிக்கு அப்பால். முகமூடி, தோளில் சிறிய ஆக்சிஜன் உருளை. பின்னால் விடுதிக் காப்பாளரின் ஸ்கூட்டர்.

"கேக்குது."

"செத்துட்டியோன்னு நெனச்சேன். மூஞ்சியப் பாரு, கத்தரிக்கா மாதிரி."

"எப்படி வந்த?"

"கேட்டா விடுவானா அந்த ஆளு? பிள்ளைகளச் சமாளிக்கச் சொல்லிட்டு வந்துட்டேன். இந்தா ஒம் போனு. நம்பரு சொல்லுதேன், அடி."

"பூட்டிடுச்சு."

"என்னது?"

"அஞ்சும் கேட்டுட்டேன். நாளைக்குத்தான் திறக்கும்."

"அடிப்பாவி. ஒண்ண மிச்சம் வைக்கக் கூடாது?"

சிரித்தாள். முகமூடிக்குள் சிரிப்பு வேறு மாதிரி கேட்கிறது.

உருளை முப்பது நிமிடத்துக்கு. மேட்டிலிருந்து இறங்கும்போது மாட்டியிருக்கிறாள். 12:50. முடிவு 13:20.

12:59

அவள்தான் கண்டுபிடித்தாள். என் மூளை ஓடவில்லை.

"நாந்தான ஒன்ன வெளிய கொண்டுபோனேன். நானே உள்ள கொண்டாந்து விடுதேன். பதினோரு அடி. அதுக்குமேல கதவத் தொறக்க வேண்டாம்லா? அப்படியே டீக்கடைக்குத் திரும்பிருவோம்லா?"

ஆமாம். வாயிலில் தொடங்கும் நடை. ஊதாவாக. சரியான வழி. அடையாள அட்டையும் கைபேசியும் அவளிடமே இருக்கின்றன.

13:03. நபர்: 0. ஆக்சிஜன்: 11.7

நடந்தாள். மூன்றாவது அடி தாமதம். என்னைவிட நன்றாக.

திரையில்: அடி பொருந்துகிறது. மூச்சு பொருந்தவில்லை. போலி.

முகமூடியின் வால்வு. அது மூச்சை ஒரே சீராக்கிவிடுகிறது. நீளமாக, இயந்திரம் போல். தூறலுக்கு அது ஆள் இல்லை.

அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். "ஏன்ட்டி வரல?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். என்னிடம் அவ்வளவு ஆக்சிஜன்தான் இருந்தது. பொய் சொல்ல அதிகம் வேண்டும்.

"அப்ப கழட்டிட்டு நடக்கணும்."

"வேண்டாம்."

"மூச்சப் புடிச்சுக்கிட்டு நடந்தா?"

"மூச்சு இல்லன்னா எண்ணாது. ஜெனோ, வேண்டாம். போ. வண்டிய எடு. மேட்டுக்கு ரெண்டு நிமிஷம்தான்."

"பதினோரு அடிக்கு எத்தன மூச்சு?"

"போ."

"எத்தனன்னு கேட்டேன்."

"நாலு."

"நாலுதானா? சவம், எங்க ஊரு கருவாட்டுக் கிட்டங்கில இதவிட நாறும்."

13:07. நபர்: 1

முகமூடியைக் கழற்றித் தூணடியில் வைத்தாள். உருளையையும். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள், ஏதோ புகைப்படத்துக்கு நிற்பவள் போல். தளத்தில் ஏறினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. முதல் மூச்சு. முகம் சுளித்தாள்.

நான்கு, ஐந்து, ஆறு. இரண்டாவது மூச்சில் சுளிக்கவில்லை. நெடி போய்விட்டது. மூக்கு செத்துவிட்டது.

ஒன்பதில் தள்ளாடினாள். அப்போதும் என் தகட்டுக்காலின் தாமதத்தை விடவில்லை. பதினொன்றில் கண்ணாடியில் இரண்டு கைகளையும் வைத்தாள். நான் இந்தப் பக்கம் வைத்தேன்.

தலைக்கு மேலே ஊதா. கூடம் முழுக்க. 3598 குழாய்களும்.

நபர்: 1. பெயர்: உலகம்மாள். துவாரங்கள் நின்றன. மறுபக்கத் துவாரங்கள் திறந்தன. காற்று.

13:09. நபர்: 1. ஆக்சிஜன்: 13.8

தூணுக்குத் திரும்பிப் போனாள். நடந்தல்ல. பாதி வழியில் விழுந்து மீதியைத் தவழ்ந்தாள். முகமூடியை முகத்தில் வைத்துக்கொண்டாள். எழவில்லை. பட்டையை மாட்டவில்லை, கையால் பிடித்திருக்கிறாள்.

அழைப்புப் பெட்டியில் வால்வு ஓசை. நீளமாக, சீராக. பேசச் சொன்னேன். "ம்" என்றாள்.

கதவு திறக்காது. வெளிக்காற்று நச்சாக இருக்கும்வரை உள்ளே இருக்கும் ஆளைப் பாதுகாப்பது அதன் வேலை.

13:11. நபர்: 1. ஆக்சிஜன்: 15.9

வாக்கி டாக்கி. லூர்து அக்கா.

"சார், கடலியல்ல ஒண்ணு காட்டுது. உலகம்மாள்."

"அப்ப அந்தப் பொண்ணு சொன்னது நெசந்தானா?"

"இப்பதான் உள்ள போயிருக்கா மாதிரி விழுந்திருக்கு சார். மிஷின் லேட்டோ என்னவோ."

"காத்து?"

"போகுது. நல்லா இருப்பா."

"அப்ப வண்டிக்கு அவசரம் இல்ல. நாலு மணிக்குக் காத்து தெளிஞ்சதும் எடுத்துக்கலாம். வந்ததும் ரெண்டு பேரையும் என்கிட்ட அனுப்பு. சளி புடிச்சவளையும் புடிக்காதவளையும்."

வாக்கி டாக்கியின் பொத்தானைப் பிரித்தேன். உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பற்களால் பட்டையை உரித்துச் சேர்த்துப் பிடித்தேன். "ஜெனோவா வெளியே" என்று கத்தினேன். பலமுறை கத்தினேன்.

குரல் அங்கே போகவில்லை. சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

13:13. நபர்: 1. ஆக்சிஜன்: 17.2

திரையில் வாயில் தளம்: பொருள், 1. அசைவு: உண்டு.

அடி இல்லை. தூறல் அறிந்த மூச்சும் இல்லை. ஆகவே பொருள். இந்த விதியும் என்னுடையது. யாரோ விட்டுப்போகும் பைகளுக்காக எழுதினேன்.

தலை தெளிகிறது. தெளியாமல் இருந்திருக்கலாம்.

13:15. நபர்: 1. ஆக்சிஜன்: 18.1

மதியப் பேர் கூப்பிடுதல். காதருகே வைத்துக் கேட்டேன். இதை நம்பித்தான் இருந்தேன். கூப்பிடுவார். பதில் வராது. மறுபடி கூப்பிடுவார். எங்கே என்பார். இரண்டு நிமிடத்தில் வண்டி மேட்டை விட்டு இறங்கிவிடும்.

பதினாறு பெயர்கள் போயின.

"ஜெனோவா?"

"உள்ளேன் ஐயா."

நல்ல குரல். மூக்கடைப்பு இல்லை, சிரிப்பு இல்லை. யாரென்று தெரியவில்லை. அவள் கேட்டுக்கொண்டபடி சமாளிக்கிறாள், தோழிக்காக. நானாக இருந்தாலும் செய்திருப்பேன்.

"அடுத்து..."

13:17. நபர்: 1. ஆக்சிஜன்: 18.8

உருளை 13:20-க்கு முடியும். கழற்றி வைத்த நேரத்தைச் சேர்த்தால் இன்னும் இரண்டு நிமிடம் இருக்கலாம்.

அழைப்புப் பெட்டியில் வால்வின் இடைவெளி நீள்கிறது.

இங்கிருந்து வெளியே போகும் ஒரே செய்தி எண். 1 என்றால் சாப்பிடுவார்கள். ஆள் இருக்கும் கட்டடம், பாசிக்காற்றின் நடுவே, பட்டப்பகலில் பூச்சியமானால் லூர்து அக்கா கேட்பாள். கேட்டே ஆக வேண்டும். ஒருத்தி நச்சுக்குள் இறங்கிவிட்டாள் என்று அதற்கு அர்த்தம்.

ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனால் தூறல் என்னை எண்ணாது. 1 அப்படியே நிற்கும்.

ஆகவே என் நடையில். என் மூச்சில். நாலு.

கண்ணாடி ஏழு. பதினொரு அடி. தூண். அவள். என் அட்டையும் கைபேசியும் தளத்திலேயே, அவளிடம். ஸ்கூட்டரில் சாவி தெரிகிறது. மேட்டுக்கு இரண்டு நிமிடம்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: 09:04-க்கு உள்ளேன் என்றது நான் அல்ல. 13:15-க்கு உள்ளேன் என்றது ஜெனோவா அல்ல. அவள் வெளியே இருக்கிறாள். காலையிலிருந்து அவள் மட்டும்தான் எனக்காக

வால்வு நின்று

தானியங்கிப் பதிவு

13:18:40. கண்ணாடி 7: முறிவு.

13:18:52. வாயில்: அடி பொருந்துகிறது. மூச்சு பொருந்துகிறது.

13:18:59. வாயில்: ஊதா வெளியேறியது. நபர்: 0.

13:19:31. வாயில் தளம்: பொருள், 2. அசைவு: உண்டு.

13:20:00. நபர்: 0. கட்டடம் காலி.

13:20:05. குழாய்ச் சோதனை தொடக்கம். கிளிப்பச்சை. ஊதா. கிளிப்பச்சை. ஊதா.